காண்ட்ராவின் மூன்றாம் பாடம்: புதுச்சேரியிலிருந்து ஒரு மறுவாசிப்பு

ஆர்கேட் விளையாட்டின் வீட்டுப் பதிப்பை எடைபோடுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: மூலத்தை அது எவ்வளவு ஒத்திருக்கிறது? கோனாமி நிறுவனத்தின் ஓடிச் சுடும் ஆட்டமான 'காண்ட்ரா'வுக்கு இக்கேள்வி போதாது. 1987இல் ஆர்கேட் இயந்திரமாக வந்த அந்த ஆட்டம், 1988 பிப்ரவரியில் ஜப்பானிய வீட்டு விளையாட்டுப் பெட்டியான ஃபேமிகாமுக்கும் அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸுக்கும் வந்தது. தொண்ணூறுகளில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆடியதோ, லிட்டில் மாஸ்டர், மீடியா போன்ற பெயர்களில் விற்ற ஃபேமிகாம் வகைப் பெட்டிகளில் உரிமமில்லாக் கேசட் வழியே ஓடிய காண்ட்ராவை. அதைத் தனிப் பாடமாகவே ஆராய வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் வீட்டுப் பதிப்பு ஆர்கேடிலிருந்து விலகிய இடங்களைப் பார்ப்போம். ஆர்கேட் இயந்திரத்தின் திரை நெடுக்குவாக்கில் நின்றது. அருவியில் மேலேறும் கட்டத்துக்கு அது பொருத்தம்; ஆனால் காட்டில் வலப்பக்கமாக ஓடும்போது எதிரில் வருபவனைக் காணக் கிடைக்கும் இடம் குறுகல். வீட்டு டிவியின் அகலம் அந்தக் குறையைத் தீர்த்தது. ஓட்டமே உயிரான ஆட்டத்துக்கு உரிய சட்டகம் வீட்டில்தான் அமைந்தது என்பேன். கோட்டைக் கட்டங்களில் ஆர்கேட் வைத்திருந்த நேரக் கெடுவும் வீட்டில் இல்லை. ஆர்கேடில் ஒரே மூச்சாக ஓடும் இறுதிப் பகுதி, பனிவெளி முதல் வேற்றுயிரின் கூடு வரை நான்கு தனிக் கட்டங்களாகப் பிரிந்தது. காசு விழுந்துகொண்டே இருக்க வேண்டிய கடைக்கு எழுதியதை, ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து ஆடுபவர்களுக்காகத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். இழப்பும் உண்டு: ஒரு கிடைவரியில் எட்டு ஸ்ப்ரைட்டுகளுக்கு (நகரும் சிறு உருவங்களுக்கு) மேல் ஃபேமிகாம் வரையாது, கூட்டம் சேர்ந்தால் குண்டுகளும் ஆட்களும் மினுக்கி மறைவார்கள்.

நம் பெட்டிகளின் தனித்தன்மை வேகத்தில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்பட்டது. இந்தியா ஏற்றிருந்த பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 50. காண்ட்ரா தன் காலத்தைத் திரையின் புதுப்பிப்பைக் கொண்டே அளக்கிறது. எனவே பால் முறைக்கென யுஎம்சி நிறுவனம் தயாரித்த சில்லுகள் உள்ள பெட்டிகளில் ஓட்டம், குதிப்பு, குண்டு எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகின. இசையின் நடையும் தளர்ந்தது. சுருதி மட்டும் அநேகமாக மாறவில்லை. ஏனெனில் அதை நிர்ணயிக்கும் செயலியின் துடிப்பு 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.77க்கே இறங்கியது. எதிரியின் குண்டைக் கண்டு விலக நமக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைத்தது; ஆட்டத்தின் கடுமையே மாறிவிட்டது. உயிர்களின் எண்ணிக்கையையும் கட்டத்தையும் தேர்ந்துகொள்ளும் பட்டியலைக் கேசட் தயாரித்தவர்கள் சேர்த்தபோது, கோனாமியின் புகழ்பெற்ற முப்பது உயிர்ச் சங்கேதமும் தேவையற்றதாயிற்று.

புதுச்சேரியில் இந்த ஆய்வு கூடுதல் பொருள் பெறுகிறது. பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு 1962ஆம் ஆண்டு நடந்த உரிமை மாற்றத்துக்குப் பின்னும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் குடும்பங்கள் உள்ள ஊர் இது. பிரான்சில் இதே ஆட்டம் 1990இல் 'புரோபோடெக்டர்' என்று வெளிவந்தது; மனித வீரர்களின் இடத்தில் இயந்திர மனிதர்கள். பிரெஞ்சு என்இஎஸ், பெரித்தெல் (SCART) எனும் பல முனை டிவி இணைப்பை நம்பியது. ஆன்டெனா துளை வழியே படம் வாங்கிய இந்திய டிவிகளோடு அது ஒட்டாது. உறவு இருந்தும் இவ்வூரை எட்டக்கூடிய காண்ட்ரா கிழக்காசியக் கேசட்டாக இருந்ததற்கு இந்தத் தடையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

திருட்டுப் பிரதிக்கு ஆய்வு மதிப்பு உண்டா என்று கேட்கலாம். 1955இல் இங்கே தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் சைவச் சுவடிகளைத் திரட்டியபோது, எழுதியவர் உரிமை பெற்றாரா என்று பார்த்துச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு படியும் ஒரு சான்று. கேசட்டுகளிலும் வழிமரபு காணலாம். ஜப்பானியப் பதிப்பில் முதல் கட்டத்து மரங்கள் அசையும், ஐந்தாம் கட்டத்தில் பனி பெய்யும், கட்டங்களுக்கு இடையே வரைபடம் வரும். கோனாமியின் தனிச் சில்லு இல்லாத அமெரிக்கப் பதிப்பில் இவை இல்லை. கையிலுள்ள கேசட் எந்த மரபில் வந்தது என்பதை முதல் நிமிடத்திலேயே ஊகிக்கலாம்.

2019இல் கோனாமி வெளியிட்ட ஆண்டுவிழாத் தொகுப்பில் ஆர்கேட், ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்புகள் இருக்கின்றன. அதை ஆடிப் பார்த்து நம் காண்ட்ராவை மதிப்பிடுவது பிழை. ஐம்பது துடிப்பில் ஓடியதும் உயிர்ப் பட்டியல் சேர்ந்ததும் அதில் இல்லை. அவை பரண்களிலும் காந்தி வீதி ஞாயிறு சந்தை போன்ற இடங்களின் பழைய மின்பொருள் குவியல்களிலும்தான் கிடைக்கக்கூடும். மலிவுக் கேசட்டுகளில் சில்லைக் கரும்பிசினால் மூடியிருப்பார்கள். அதைப் பெயர்த்தெடுக்க முடியாது. அறுபது முனைகள் வழியே உள்ளடக்கத்தைப் படியெடுத்து, பெட்டியின் சில்லு எண்ணையும் அது தரும் துடிப்பையும் சேர்த்துப் பதிவு செய்தாக வேண்டும். கேசட்டை மட்டும் காத்தால் பாதிப் பாடமே மிஞ்சும்.