திருப்பும் கை

புட்டம் கீழாகக் கிடக்கும் சிசுவைக் கையால் திருப்புவது பழைய வித்தை. முறைமாறிய கருவை உள்ளே கைவிட்டு நேராக்கும் வழிகளைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. வயிற்றின் மேலிருந்தே அழுத்தித் திருப்பும் முறையை 1807-இல் ஜெர்மானிய மருத்துவர் விகாண்ட் விவரித்தார்.

2000-இல், 26 நாடுகளில் 2,088 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு வெளியாயிற்று: இத்தகைய சிசுவுக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பு என்றது. அதன்பின் இப்பிரசவங்களை இயல்பாகப் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் அருகினர். கத்தியைத் தவிர்க்க எஞ்சிய வழி, முன்கூட்டித் திருப்புவதே.

எனில், இன்னும் முன்னதாகத் திருப்பினால் என்ன? 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைச் சோதித்தது. 34, 35 வாரங்களிலேயே தொடங்கியபோது, பிறக்கையில் புட்டம் முன்வருவது குறைந்தது, சிசேரியன் குறையவில்லை. குறைப்பிரசவம் அதிகரிக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. காத்திருந்தால் பல சிசுக்கள் தாமாகவே திரும்பிவிடும். ஆகவே 37-ஆவது வாரத்தை ஒட்டித் திருப்புவதே வழக்கம். ஏறத்தாழப் பாதி பலிக்கிறது.

செட்டியார்பட்டி போன்ற ஊர்களிலும் பிரசவம் இன்று மருத்துவமனையில்தான். 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழகப் பிரசவங்களில் சுமார் 45 விழுக்காடு சிசேரியன். முதல் தழும்பு அடுத்த பேற்றையும் பெரிதும் தீர்மானிக்கிறது. அதனால்தான், தடையேதும் இல்லாதபோது, "திருப்பிப் பார்க்கலாமா?" என்று ஒரு தாய் உரிய வாரத்தில் கேட்பது முக்கியமாகிறது.