தோணித்துறை வரை நீண்ட கொள்ளைநோய்ச் சட்டம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்றோர் ஊர் உண்டு. ரேவு என்பது துறையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தோணிகள் வந்தடையும் துறை என்பதே ஊர்ப்பெயரின் பொருள். முஸ்லிம் வணிகர்களும், கெல்திரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரரும் கடல்வாணிபம் நடத்திய கரை அது. துறை என்று ஒன்று இருந்தால் பண்டங்களோடு நோயும் வந்திறங்கும். ஆகவே கொள்ளைநோய்ச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் துறைமுகங்களிலேயே தொடங்குகிறது. தோணிரேவு போன்ற சிறு துறைகளையும் ஆளும் நம் நாட்டுச் சட்டம் பிறந்த கதை, ஹஜ் பயணத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஐரோப்பிய நாடுகள் அஞ்சின. இந்தியச் சரக்குகளுக்குத் தம் துறைமுகங்களை மூடிவிடுவார்களோ என்ற கவலை ஆங்கில அரசைப் பற்றிக்கொண்டது. 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. அதே மாதத்தில் வெனிஸ் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. பிளேக்கை ஐரோப்பாவின் வாயிலுக்கு வெளியே நிறுத்துவதே அதன் நோக்கம். அந்த நெருக்கடியில், அவ்வாண்டு இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வதை அரசு தடைசெய்தது. மதக் காரியங்களில் தலையிடோம் என்று 1858இல் விக்டோரியா அரசியின் பிரகடனம் தந்திருந்த உறுதியை, ஐரோப்பியச் சந்தையின் அச்சம் வென்றுவிட்டது.

சட்டம் மிகச் சிறியது, நான்கே பிரிவுகள். அரசு தேவையென்று கருதும் எந்த விதியையும் இயற்றலாம், பயணிகளைச் சோதிக்கலாம், நோய் இருப்பதாக ஐயுறப்பட்டவரைப் பிரித்து அடைக்கலாம், மீறினால் தண்டனை உண்டு, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடுக்க இயலாது. அடைக்கப்பட்டவருக்கு மருத்துவம் தரவேண்டும் என்றோ, அவர் முறையிட இடம் வேண்டும் என்றோ ஒரு வரியும் இல்லை. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்தனர். பெண்களை அந்நிய ஆடவர் சோதித்தனர். பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். 1898 மார்ச்சில் பம்பாயின் முஸ்லிம் நெசவாளர் பகுதியிலும் சோதனைக் குழுவினரை எதிர்த்துக் கலகம் மூண்டது.

இதைக் கொண்டு, முஸ்லிம்கள் தனிமைப்படுத்தலுக்கே எதிரிகள் என்று எழுதியோர் உண்டு. அது நம் மார்க்கத்தையே அறியாத பேச்சு. நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர், அங்கிருப்போர் வெளியேறாதீர் என்ற நபிமொழி நமக்கு உண்டு. அம்வாஸ் கொள்ளைநோயின்போது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குச் செல்லும் வழியில் ஸர்கில் நின்று திரும்பினார்கள். திரும்புமுன் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், அன்ஸார்களை அழைத்துக் கேட்டார்கள், குறைஷி முதியோரையும் கேட்டார்கள். அபூ உபைதா (ரலி) முகத்துக்கு நேரே மறுத்துக் கேட்டபோது அவருக்கும் விடை தந்தார்கள். 1897இன் சட்டத்தில் இல்லாதது இந்தக் கலந்தாலோசனைதான்.

ஐரோப்பா பிற்காலத்தில் இக்குறையைத் தன் குடிமக்களுக்காகத் திருத்திக்கொண்டது. 1950இல் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, தொற்றைத் தடுக்க ஒருவரை அடைத்துவைக்க இடமளிக்கிறது. ஆனால் எல்லை எங்கே? எச்.ஐ.வி. தொற்றிய ஒருவரைச் சுவீடன் கட்டாயமாகத் தனிமைப்படுத்திய வழக்கில், 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் விடை சொன்னது: மென்மையான வழிகள் யாவும் போதாதென்று கண்ட பிறகே அடைத்துவைத்தல் கடைசி வழியாகலாம், அவ்வழக்கில் அரசு அப்படி ஆராயவில்லை.

அந்த அளவுகோல் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைப் பாக் நீரிணைக்கு அப்பால் கண்டோம். இலங்கையின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டமும் 1897இல் பிறந்ததே. அதன்கீழ் 2020 ஏப்ரல் 11ஆம் நாள் வெளியான அறிவித்தல், கொரோனாவால் இறந்தவர் எவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்றது. அடக்கமும் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே கூறியிருந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, மண்ணில் வைப்பது சமுதாயத்தின் மீதுள்ள கடமை. அதைச் செய்யவியலாமல் குடும்பங்கள் நின்றன. அடிப்படை உரிமை மனுக்களை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் விசாரணைக்கே ஏற்கவில்லை. சில நாள்களில் இருபது நாள் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லாச் சமூகத்தாரும் கட்டினர். 2021 பிப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின.

சென்னையிலும் 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டமொன்று கல்லெறிந்தது. இங்கே தடுத்தது அரசன்று, அண்டை வீட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, கண்ணியமான அடக்கமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்றது. அடக்கத்தைத் தடுப்பதைத் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டத்தால் தண்டனைக்குரியதாக்கியது.

உயிரோடிருப்பவரின் மருத்துவ உரிமையும் இதே 21ஆம் பிரிவிலிருந்துதான் வந்தது. ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளி ஒருவரைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், அவசரச் சிகிச்சை தருவது அரசின் கடமை, பணமில்லை என்பது காரணமாகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. படகேறித்தான் கரை சேரவேண்டிய ஊர்கள் பழவேற்காட்டு ஏரிக்குள் இன்றும் உள்ளன. அங்கு வாழ்வோர்க்கு இத்தீர்ப்பு வெறும் சட்டச் செய்தியன்று.

2020இல் நாடாளுமன்றம் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை சேர்க்கப்பட்டது, அது வேண்டியதே. தனிமைப்படுத்தப்படுவோரின் உரிமை பற்றி அப்போதும் ஒரு பிரிவு சேரவில்லை. இலங்கை அமைச்சரவை 2024 ஜூலையில் முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் எரிக்கப்பட்டிருந்தோர் 276 பேர்.