உவர்நீரும் உலோகமும்: மட்டக்களப்பு வாவியை முன்னிட்டு ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவி வடக்கே செங்கலடிப் புறத்திலிருந்து தெற்கே கல்முனைப் புறம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் நீர் ஆண்டு முழுவதும் ஒரு தன்மைத்தன்று. வாடைக் காற்றோடு மாரி பொழியுங் காலத்து வெள்ளம் பெருகி, முகத்துவாரத்து மணற்றிடரை உடைத்துக் கடலிற் கலக்கும். அப்போது உவர்ப்புத் தணியும். கோடையிலோ முகத்துவாரம் மணலால் அடைபட, நீர் தேங்கி நிற்கும். இவ்வாறு மாறிவரும் நீரில் எவ்வுலோகம் நிலைக்கும் என்பது கப்பலோட்டுவோர்க்கு மாத்திரமன்றிப் பாலம் அமைப்போர்க்கும் மீன்பிடிப்போர்க்கும் உரிய வினாவாகும்.

இவ்வினாவை ஊரார் கண்முன் நிறுத்தியது கல்லடிப் பாலம். தேசாதிபதி சேர் வில்லியம் மானிங் அவர்களின் மனைவியார் பெயரால் 1924இல் எழுந்த இவ்விரும்புப் பாலத்தைப் பாடுமீன்களின் பொருட்டே பலரும் அறிவர். இரும்பின் பொருட்டு நினைப்பார் சிலரே. நீருள் முற்றும் மூழ்கிய இரும்பினும், அலை நனைக்கவும் காற்று உலர்த்தவும் இடைநின்ற இரும்பே விரைந்து தேய்வது. உப்பும் ஒட்சிசனும் அவ்விடத்தில் ஒருங்கே கிட்டுதல் அதற்குக் காரணம். 2013இல் யப்பானிய உதவியுடன் அருகே புதிய பாலம் திறக்கப்படும் வரை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அப்பாலம் போக்குவரத்தைத் தாங்கியது.

செம்பு இரும்பைப் போலத் துருப்பிடிப்பதன்று. ஆயினும் செம்பை நாடியோர் எய்திய முதல் அனுபவம் இன்பமானதாக இல்லை. 1761இல் பிரித்தானியக் கடற்படை 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டாற் போர்த்தது. மரத்தைத் துளைக்கும் புழுவையும் ஒட்டிக்கொள்ளும் சிப்பியினத்தையும் விலக்குதல் நோக்கம். நோக்கம் நிறைவேறியது, ஆனால் தகட்டைப் பிணித்த இரும்பாணிகள் அரித்துக் கரைந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் கடதாசி தற்செயலாக இடையே எஞ்சிய இடங்களில் மாத்திரம் ஆணிகள் பழுதுறவில்லை. இரு வேறு உலோகங்கள் உவர்நீரில் ஒன்றையொன்று தொடுமாயின், மின்கலத்திற் போன்று அவற்றுள் இழிந்தது தேயும் என்னும் விதியைக் கடதாசித் துண்டொன்று காட்டிற்று! வொல்ற்றா தம் மின்கலத்தை அமைத்தது அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின்னரேயாம்.

நிக்கலின் வரலாறு பிந்தியது. சாக்சனி நாட்டுச் சுரங்கத்தார் செம்பெனக் கருதி உருக்கியும் செம்பு தராத தாதுவைக் குறளிச் செம்பு என்று வைதனர். 1751இல் சுவீடன் அறிஞர் குறொன்ஸ்ரெற் அதிலிருந்து புதிய உலோகத்தைப் பிரித்து, வசைச்சொல்லின் பாதியையே அதற்குப் பெயராக்கினார். 1883இல் கனடாவில் புகையிரதப் பாதை வெட்டுங்கால் சட்பரியில் நிக்கலும் செம்பும் ஒருங்கே செறிந்த தாது வெளிப்பட்டது. அத்தாதினின்று, மூன்றில் இரு பங்கு நிக்கலும் எஞ்சியது பெரும்பாலும் செம்புமான கலப்புலோகம் 1905ஆம் ஆண்டளவில் ஆக்கப்பட்டது. நிக்கல் கம்பெனித் தலைவர் அம்புரோசு மொனெல் பெயரால் அது மொனெல் எனப்பட்டது. செம்பு மிகுந்த நிக்கற் கலப்போ, 1909ஆம் ஆண்டுச் சதுர ஐந்து சத நாணயமாக அக்காலத்திலேயே இலங்கையர் மடியில் வந்து சேர்ந்துவிட்டது.

1915இல் அமெரிக்காவிற் கட்டப்பட்ட 'சீ கோல்' என்னும் உல்லாசக் கப்பலின் புறத்தகடுகள் மொனெலாகவும் தறையாணிகள் உருக்காகவும் அமைந்தன. 'அலாம்' கற்பித்த பாடம் மறக்கப்பட்டது. கப்பல் புதிதாயிருக்கும்போதே உடைத்தெடுக்கப்பட்டது. மட்டக்களப்புக் கரைக்கு அப்பாலும் இவ்விதியே செயற்படுகின்றது. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்களாற் குண்டுவீசப்பட்டு 307 பேருடன் மூழ்கிய 'ஹேர்மெஸ்' ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. அத்தகைய கப்பல்களைத் தள்ளும் விசிறிகள் வெண்கல வகையாலாயவை. அவற்றைத் தொட்டுநிற்கும் உருக்கே முதலில் அழிவது.

மொனெல் விரைந்தோடும் கடல்நீரிற் சிறந்தது. நீர் தேங்கி, சிப்பியும் சேறும் படியுமாயின் அவற்றின் அடியில் ஒட்சிசன் குன்ற, ஊசி குத்தினாற்போலக் குழிகள் தோன்றும். கடலோடும் மரக்கலத்தின் சுழல்தண்டுக்கு உவந்த உலோகம், முகத்துவாரம் மூடிய வாவியில் மாதக்கணக்கிற் கட்டிக்கிடக்கும் வள்ளத்துக்கும் உவந்ததாகுமென எண்ணுதல் தவறு. செம்பு 90, நிக்கல் 10 என்னும் வீதக் கலப்பு, சிப்பி ஒட்டுவதைத் தானே தடுப்பது. சிறிதளவு இரும்பு சேர்க்க அதன் வலிமை கூடும். 1971இல் 'கொப்பர் மரைனர்' என்னும் இறால் பிடிக்கும் கலம் இதனாற் கட்டப்பட்டு நிக்கராகுவாக் கடலில் நற்பயன் தந்தது. ஆனால் அழுகிய சேற்றிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு அதற்குப் பகை. களப்புச் சேற்றின் நாற்றம் அறிந்தோர்க்கு விளக்கம் வேண்டா.

நிக்கல் இலங்கையில் அகழப்படுவதன்று. ஆகவே வேண்டுவோர் பிறநாட்டிலிருந்தே பெறுதல் வேண்டும். பழைய உலோகக் கடைகளிற் காந்தத்தை வைத்து மொனெலைச் சோதிக்கும் வழக்கம் உண்டு. மட்டக்களப்பின் வெயிலில் அது நம்பத்தக்கதன்று: கலப்பின் சிறு வேறுபாட்டுக்கேற்ப மொனெல் தன் காந்தத் தன்மையை 20 முதல் 50 பாகை செல்சியசுக்குள் எவ்விடத்தும் இழக்கலாம். காலையில் ஒட்டிய துண்டு நண்பகலில் ஒட்டாது விழவும் கூடும். வாங்குவோர் கேட்க வேண்டியது இரசாயனப் பகுப்பாய்வுப் பத்திரமே. அதனுடன், உருப்படியைப் பிணிக்கும் ஆணி எவ்வுலோகத்தது என்பதையும்.