பொடோமக்: 15,000 டாலர் படகு

பழைய படகை வாங்கலாமான்னு கேட்டா, எல்லாரும் முதல்ல விலையைத்தான் பார்ப்பாங்க. பொடோமக் கதையில விலைதான் ரொம்பச் சின்ன விஷயம். 1934-ல் கட்டி, 1936-லிருந்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பயணம் செய்த படகு. 1964-ல் எல்விஸ் பிரெஸ்லி 55,000 டாலருக்கு வாங்கி, தானமாகவே கொடுத்துட்டார். 1980-ல் போதைப்பொருள் விவகாரத்தில் சுங்கத்துறை பிடித்தது. கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கியும் போச்சு. தூக்கி நிறுத்தியதை ஓக்லாந்து துறைமுகம் வெறும் 15,000 டாலருக்கு எடுத்தது.

சீரமைப்புக்கு? 50 லட்சம் டாலர், 12 வருஷம்! வேற படகா இருந்தா உடைச்சு இரும்புக்குப் போட்டிருப்பாங்க. அதுல தப்பும் இல்ல. ஆனா இதுல ஒரு போலிப் புகைபோக்கி உண்டு. உள்ளே லிஃப்ட். போலியோவால் நடக்க முடியாத ரூஸ்வெல்ட், தன் கையாலேயே கயிறு இழுத்து மேல்தளத்துக்கு ஏறுவார். துருப்பிடிச்ச தகட்டை மாத்திடலாம், இதை எங்க போய் வாங்குறது? 1995-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தாங்க.