வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் (மும்பை)

குடியிருப்போரே உறுப்பினராகச் சேர்ந்து கட்டடத்தை நிர்வகிக்கும் அமைப்பு, பேச்சுவழக்கில் ‘சொசைட்டி’. ராவ் பகதூர் தல்மாக்கி முன்னின்று 1915இல் காம்தேவியில் தொடங்கிய சாரஸ்வத் சங்கம் இதன் முன்னோடி. மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர் பலருக்கும் சொசைட்டி வாழ்க்கை பழகிப்போன ஒன்று.

இவை 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி இயங்குகின்றன. உறுப்பினர் வாங்கும் பங்கு ஒன்றின் முகமதிப்பு வழக்கமாக 50 ரூபாய்தான். ஆனால் அந்தப் பங்குப் பத்திரம் கையில் இல்லாமல் வீட்டை விற்பது பெரும்பாடு. வீடு பெரிதோ சிறிதோ, பொதுக்குழுவில் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. இவ்வமைப்பின் ஆகச் சிறந்த கூறு இதுவே. தண்ணீர், லிஃப்ட், காவலாளி செலவுகள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்கும். வீட்டை வாடகைக்கு விடுபவரிடம் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வசூலிக்கக் கூடாது.