இயற்பியல் விதிகளின் மெய்யியல்

இயற்பியல் விதி என்பது இயற்கையில் காணப்படும் மாறாத ஒழுங்கு ஒன்றைப் பெரும்பாலும் சமன்பாட்டு வடிவில் எடுத்துரைக்கும் கூற்று ஆகும். நியூட்டனின் ஈர்ப்பு விதி, ஓமின் விதி, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி முதலியன பரவலாக அறியப்பட்டவை. இவ்விதிகளைக் கண்டறிவதும் பயன்படுத்துவதும் இயற்பியலாளரின் பணி. ஒரு கூற்றை விதி ஆக்குவது எது, விதி இயற்கையைக் கட்டுப்படுத்துகிறதா அல்லது நிகழ்வதை விவரிக்க மட்டும் செய்கிறதா, அவதானிப்பு விதியோடு முரண்பட்டால் எதனைக் கைவிடுவது ஆகிய கேள்விகள் அறிவியல் மெய்யியலைச் சேர்ந்தவை.

சொல்லும் பொருளும்

தமிழில் விதி என்னும் சொல் ஊழையும் கட்டளையையும் குறிக்கும். புணர்ச்சி விதி, சாலை விதி எனவும் வழங்கும். ஐரோப்பிய மொழிகளிலும் இக்கருத்து சட்டத்திலிருந்தே இயற்பியலுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் போன்றோர் இயற்கை விதிகளை இறைவன் இயற்கைக்கு இட்ட சட்டங்களாகவே கருதினர். சாலை விதியை ஒருவர் மீறினாலும் அது விதியாகவே இருக்கும். இயற்பியல் விதி அத்தகையதன்று. அதற்கு மாறான நிகழ்வு ஒன்று ஐயமின்றி உறுதிப்பட்டால் குற்றம் நிகழ்வின் மீது அன்று, விதியின் மீதே சாரும்.

விதியும் தற்செயல் ஒழுங்கும்

உண்மையான பொதுக்கூற்றுகள் அனைத்தும் விதிகள் ஆகா. மெய்யியல் நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் எடுத்துக்காட்டு ஒன்று பின்வருமாறு:

"ஒரு கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள தங்க உருண்டை எங்கும் இல்லை."
"ஒரு கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள யுரேனியம்-235 உருண்டை எங்கும் இல்லை."

இரண்டும் உண்மையாக இருக்கலாம். எனினும் முதலாவது தற்செயலானது. போதிய தங்கம் கிடைத்தால் அத்தகைய உருண்டையைச் செய்வதற்கு இயற்கையில் தடை ஏதும் இல்லை. இரண்டாவது அவ்வாறன்று. வெற்று உருண்டையாக இருக்கும்போது யுரேனியம்-235 இன் மாறுநிலை நிறை ஏறத்தாழ 52 கிலோகிராம், அதாவது கால்பந்தைவிடச் சிறிய உருண்டை. அதனைக் கடந்தால் அணுக்கருப் பிளவுத் தொடர்வினை தொடங்கிவிடும். ஆகவே விதி என்பது நிகழ்ந்ததை மட்டுமன்றி, நிகழாத ஒன்று நிகழ்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். தற்செயல் ஒழுங்கால் அதனைச் சொல்ல இயலாது.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுப் பயிற்சி அன்று என்பதற்கு வானியல் வரலாற்றில் சான்று உண்டு. கெப்லர் 1619 இல் வெளியிட்ட மூன்றாம் விதியின்படி, ஒரு கோளின் சுற்றுக்காலத்தை ஆண்டுகளிலும் ஞாயிற்றிலிருந்து அதன் சராசரித் தொலைவை வானியல் அலகுகளிலும் அளந்தால், காலத்தின் இருமடியும் தொலைவின் மும்மடியும் சமம். 1766 இல் டைட்டியசு குறிப்பிட்டு 1772 இல் போடே பரப்பிய மற்றொரு விதி, 0, 3, 6, 12, 24, 48, 96 என்னும் வரிசையின் ஒவ்வோர் எண்ணுடனும் 4 ஐக் கூட்டிப் பத்தால் வகுத்தால் கோள்களின் தொலைவுகள் கிடைக்கும் என்றது. அதன்படி கிடைப்பவை 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0 ஆகும். புதன், வெள்ளி, புவி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றின் உண்மைத் தொலைவுகள் 0.39, 0.72, 1.00, 1.52, 5.20, 9.5. இடையில் 2.8 இல் மட்டும் கோள் இல்லை.

1781 இல் வில்லியம் எர்செல் கண்டுபிடித்த யுரேனசு 19.2 அலகுத் தொலைவில் இருந்தது. வரிசையில் அடுத்த எண் தருவது 19.6. 1801 இல் பியாசி கண்ட சீரிசு 2.77 இல் அமைந்து, வெற்றிடத்தையும் நிரப்பியது. முன்கணிப்பில் இருமுறை வென்ற ஒரு வாய்பாட்டை விதி என்று அக்காலத்தார் ஏற்றதில் வியப்பில்லை. ஆனால் 1846 இல் கண்டறியப்பட்ட நெப்டியூன் 38.8 இல் இருப்பதற்கு மாறாக 30.1 இல் இருந்தது. அதே நெப்டியூன் கெப்லரின் விதிக்கு முற்றிலும் அடங்கியது: 30.1 இன் மும்மடிக்கு இருமடி மூலம் கண்டால் ஏறத்தாழ 165 ஆண்டுகள். அதன் சுற்றுக்காலமும் அதுவே.

கெப்லரின் விதி வியாழனின் துணைக்கோள்களுக்கும், மாறிலியை மட்டும் மாற்றினால், பொருந்துகிறது. மேலும் 1687 இல் நியூட்டன் அதனை ஈர்ப்பு விதியிலிருந்து வருவித்துக் காட்டினார். போடேயின் வாய்பாடோ வேறு எதனோடும் பிணைக்கப்படாமல் தனித்தே நின்றது. பெயரில் மட்டும் அது இன்றும் "விதி" ஆகவே வழங்குகிறது.

மெய்யியல் நிலைப்பாடுகள்

இசுக்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் இயூம் (1711–1776), ஒரு நிகழ்வைத் தொடர்ந்து மற்றொன்று வருவதையே காண்கிறோம், இரண்டையும் கட்டும் கட்டாயத்தை எங்கும் காண்பதில்லை என வாதிட்டார். அவர் வழிவந்தோருக்கு விதி என்பது ஒழுங்கின் சுருக்கமே. தங்க உருண்டையை விலக்க இவர்களுக்கு வேறு அளவுகோல் தேவைப்பட்டது. மில், இராம்சே ஆகியோரைப் பின்பற்றி டேவிட் லூயிசு 1973 இல் அதனை அளித்தார். உலகைப் பற்றிய உண்மைகளை எளிமையும் வலிமையும் சிறந்த சமநிலையில் அமையுமாறு ஓர் அமைப்பாகத் தொகுத்தால், அத்தொகுப்பில் இடம்பெறும் பொதுக்கூற்றுகளே விதிகள். நிரல் எழுதுவோர் பெரும் தரவை மிகச் சிறிய நிரலால் மீண்டும் உருவாக்க முயல்வதை இது ஒத்தது. எளிமை என்பது இயற்கையின் பண்பா, மனிதரின் விருப்பமா என்பதே இதன் மீதான முதன்மையான எதிர்ப்பு.

திரெட்சுக்கி, தூலி (இருவரும் 1977), ஆம்சுட்ராங் (1983) ஆகியோர், விதி என்பது பண்புகளுக்கு இடையிலான கட்டாயத் தொடர்பு என்றனர். இது ஒழுங்குக்குக் காரணம் தருகிறது. ஆயினும் அக்கட்டாயம் எத்தகையது என்பது தெளிவாக விளக்கப்படவில்லை. வான் பிராசன் 1989 இல் வெளியிட்ட நூலில் இயற்கை விதிகள் என்று எவையும் இருப்பதாகக் கொள்ளவே தேவையில்லை என்று வாதிட்டார்.

நான்சி கார்ட்ரைட் 1983 இல் முன்வைத்த திறனாய்வு இயற்பியல் மாணவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. மின்னேற்றம் பெற்ற இரு பொருள்கள் ஈர்ப்பு விதி கூறும் விசையாலும் இயங்குவதில்லை, கூலும் விதி கூறும் விசையாலும் இயங்குவதில்லை. இரண்டின் தொகுப்பாலேயே இயங்குகின்றன. எனவே ஒவ்வொரு விதியும், பிற காரணிகள் இல்லாத நிலை என்னும், உலகில் ஏறத்தாழ எங்கும் காணக்கிடைக்காத ஒன்றையே விவரிக்கிறது. இதற்கு மறுமொழியாக, விதி கூறுவது மொத்த இயக்கத்தை அன்று, ஒவ்வொரு காரணியின் பங்கை மட்டுமே என்பர்.

இயற்பியலில் விதி எனப்படுபவை அனைத்தும் ஒரே தரத்தவையும் அல்ல. ஓமின் விதி சில பொருள்களுக்குச் சில நிலைகளில் மட்டுமே பொருந்தும். போல்ட்சுமானின் விளக்கப்படி வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி மிக உயர்ந்த நிகழ்தகவு பற்றிய கூற்று. ஆற்றல் அழிவின்மை, இயற்பியல் விதிகள் காலத்தோடு மாறாமையின் விளைவு என்பது 1918 இல் வெளியான எம்மி நோயெதரின் தேற்றத்திலிருந்து பெறப்படுகிறது.

முரண் தோன்றும்போது

யுரேனசு, நியூட்டனின் விதிப்படி கணக்கிட்ட பாதையிலிருந்து விலகிச் சென்றது. விதி தவறு என்று கொள்ளாமல், காணப்படாத கோள் ஒன்று அதனை இழுக்கிறது எனக் கொண்ட பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, அதன் இடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் கால்லே, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார்.

1859 இல் லெ வெரியே புதனிலும் ஒரு விலகலைக் கண்டார். ஞாயிற்றுக்கு மிக அருகே புதன் வரும் புள்ளி, பிற கோள்களின் இழுப்பால் விளக்க இயலாத அளவில், நூற்றாண்டுக்கு 38 விகலை கூடுதலாக நகர்ந்தது (பின்னர் 43 எனத் திருத்தப்பட்டது). முன்போலவே அவர் காணப்படாத பொருள் உண்டு என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. அதனைக் கண்டதாகச் சிலர் அறிவித்தும் எதுவும் உறுதிப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்சுட்டைன் தம் பொதுச் சார்புக் கோட்பாட்டிலிருந்து 43 விகலையைப் பெற்றார். இம்முறை மாற வேண்டியிருந்தது விதியே.

ஒரே மனிதர், ஒரே விதி, ஒரே வகை ஊகம். முடிவுகள் மட்டும் நேர்மாறானவை. பொய்ப்பிக்கப்படக்கூடியதே அறிவியல் கூற்று எனக் கார்ல் பாப்பர் 1934 இல் கூறிய அளவுகோலை நேரடியாகப் பயன்படுத்துவதில் உள்ள இடர் இதில் தெளிவாகும். அவதானிப்போடு மோதுவது விதி மட்டுமன்று, விதியும் துணைக் கருதுகோள்களும் சேர்ந்த தொகுதியே என்பதைப் பியர் துயெம் 1906 இலேயே சுட்டியிருந்தார்.

இதே சிக்கல் இன்றும் உள்ளது. சுருள் விண்மீன் பேரடைகளின் வெளிப்புற விண்மீன்கள், கண்ணுக்குப் புலப்படும் பொருளின் ஈர்ப்பைக் கொண்டு கணக்கிட்டதைவிட வேகமாகச் சுற்றுவதை 1970களில் வேரா உரூபினும் பிறரும் அளந்தனர். பெரும்பான்மையான இயற்பியலாளர் இதற்குக் காரணமாகக் காணப்படாத கரும்பொருளைக் கொள்கின்றனர். மில்குரோம் 1983 இல் முன்வைத்த மாற்றுக் கருத்து, மிகச் சிறிய முடுக்கங்களில் நியூட்டனின் விதியையே மாற்றுகிறது. இம்மாற்று தனிப் பேரடைகளின் சுழற்சியை நன்கு விளக்கினாலும் பேரடைக் கொத்துகளில் போதாமல் போகிறது. கரும்பொருளின் துகளும் இதுவரை எந்த ஆய்வகத்திலும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை.