பட்டம் வேறு, பட்டயம் வேறு



போன பெருநாள் லீவில் என்னிடம் படித்த ஒரு மாணவன் வீட்டுக்கு வந்திருந்தான். சிவில் எஞ்சினியர், பட்டம் எடுத்து ஆறு வருடம். வெளிநாட்டு வேலை ஒன்றுக்கான நேர்முகத்தில் "நீங்கள் பட்டயப் பொறியியலாளரா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் ஒரு படி கீழே உள்ள பதவியைத்தான் தர முடியும் என்றார்களாம்.

"கெம்பஸில சொன்னாங்க சேர். பிறகு பார்ப்போம் என்று விட்டுட்டேன். வேலை செஞ்ச இடத்தில ஒருத்தரும் ஞாபகப்படுத்தல்ல" என்றான்.

உண்மையைச் சொன்னால், வருடா வருடம் பிள்ளைகளைக் கணிதப் பிரிவுக்கு அனுப்பும் எனக்கே இது சரியாகத் தெரியாது. அதனால் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

கதை லண்டனில் ஒரு கோப்பிக் கடையில் தொடங்குகிறது. 1818 ஜனவரி 2ஆம் திகதி சில இளைஞர்கள் அங்கே கூடினார்கள். அவர்களில் முன்னின்றவர் ஹென்றி பாமர். எஞ்சினியரிங் படிக்க அன்று அங்கே முறையான கல்லூரி இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வோம் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் சிவில் பொறியியலாளர் நிறுவனம். 1820இல் தோமஸ் டெல்ஃபோர்ட் என்ற பெரிய பொறியியலாளர் அதன் முதல் தலைவரானார். 1828இல் அரச பட்டயம் கிடைத்தது. 'பட்டயப் பொறியியலாளர்' என்ற பெயரின் வேர் அந்த அரச பட்டயம்தான். ஆக, இந்த அமைப்பை ஆரம்பித்ததே வழிகாட்ட ஆளில்லாத இளைஞர்கள்.

நமது நாட்டில் 1906இல் இலங்கைப் பொறியியல் சங்கம் உருவானது. மருதானை தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்த டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் அந்தச் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அது நாட்டுக்கு இலாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளைக்கார ஆட்சி அதை அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை. லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல், 32 வருடம் கழித்து. விமலசுரேந்திர 1953இல் காலமானார். தன் கணக்கு சரியென்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். உள்நாட்டு எஞ்சினியர் ஒருவர் எழுந்து நின்று பேசவும், அந்தப் பேச்சு பதிவில் நிற்கவும் ஒரு மேடை வேண்டியிருந்தது. அந்த மேடையைக் கொடுத்தது சங்கம்.

1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அந்தச் சங்கம் இன்றைய இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமாகச் சட்ட அந்தஸ்துப் பெற்றது. 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவமும் கிடைத்தது. அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகள், இந்த நிறுவனம் அங்கீகரித்த நமது பொறியியல் பட்டங்களைத் தங்கள் பட்டங்களுக்குச் சமமாக மதிக்கின்றன. ஆனால் அது பட்டத்துக்குத்தான். பட்டயத்தைத் தனியாக உழைத்து எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டொக்டர்மாரின் பதிவுக்கு 1927லேயே மருத்துவக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. பொறியியல் துறையினரைப் பதிவு செய்ய பொறியியல் பேரவைச் சட்டம் வந்தது 2017இல். தொண்ணூறு வருட இடைவெளி! பட்டயப் பொறியியலாளர் மட்டுமல்ல, தொழில்நுட்பவியலாளர் வரை பல தரங்களில் பதிவு செய்ய அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இது ஏன் முக்கியம்? மாத்தளைக்காரர்களுக்கு உதாரணம் தூரத்தில் இல்லை. பொல்கொல்லையில் மறிக்கும் மகாவலித் தண்ணீர் மலைக்குள்ளே சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் வந்து, உக்குவளை மின் நிலையத்தைச் சுழற்றி, சுது கங்கையில் விழுகிறது. 1976இலிருந்து இப்படித்தான். அந்த மலைக்கு மேலே வீடுகள், தோட்டங்கள், பாடசாலைகள். நம்மில் யாரும் அந்தச் சுரங்கத்தைப் போய்ப் பார்த்ததில்லை. யாரோ ஒரு எஞ்சினியரின் கையெழுத்தை நம்பித்தான் தூங்குகிறோம். அந்தக் கையெழுத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்க ஒரு பதிவேடு வேண்டாமா?

பட்டயம் எடுக்கும் வழி விளங்காத வழியல்ல. பட்டம் முடிந்ததும் நிறுவனத்தில் இணை அங்கத்தவராகச் சேர வேண்டும். மூத்த பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சியும் பொறுப்புள்ள அனுபவமும் பெற வேண்டும். செய்த வேலையை அறிக்கையாக எழுதி, தொழில்சார் மதிப்பாய்வுக்கு முகம் கொடுக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், ஆறு வருடத்துக்கு முன் செய்த வேலையை இன்று உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதுவது கஷ்டம். அன்று மேற்பார்த்தவர் இன்று எந்த நாட்டிலோ. வாப்பாவோ மாமாவோ எஞ்சினியராக இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நமது பிள்ளைகளில் அநேகர் குடும்பத்தின் முதல் எஞ்சினியர். அவர்களுக்கு யார் சொல்வது?

அதனால் இரண்டு வேண்டுகோள்.

தம்பிமாரே, தங்கைமாரே, வேலையின் முதல் நாளிலிருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன முடிவெடுத்தேன், யார் பார்த்தார்கள் என்று. மாதம் ஒருமுறை மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்கெனவே பட்டயம் பெற்ற நம்மூர்ச் சகோதரர்களே, ஆளுக்கு ஒரு இளைஞரைப் பொறுப்பெடுங்கள். வருடத்தில் ஒரு ஞாயிறு எங்கள் உயர்தர மாணவர்களிடமும் வந்து பேசுங்கள். மண்டபமும் தேநீரும் என் பொறுப்பு.

என் மாணவன் இப்போது பழைய வேலைகளின் விபரத்தை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறான். பிந்தினாலும் தொடங்கிவிட்டான். உங்கள் வீட்டில் ஒரு எஞ்சினியர் பிள்ளை இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.